தலைவலிக்கும் புயலுக்கும் ஒரே ஒட்டு: கிரீன்லாந்து மொழியின் துன்பச் சொற்கள்

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. கிரீன்லாந்து மொழியில் ஒரு சொல்லின் பின்னால் சேர்ந்து ‘அவதிப்படுகிறார்’, ‘துன்புறுகிறார்’ என்ற பொருளைத் தரும் ஒட்டு ஒன்று உண்டாமே, அது எது, எப்படி இயங்குகிறது என்பது முதற்பகுதி. பனியிலும் நீண்ட இருளிலும் வாழ்கிற மக்கள் என்பதால்தான் துன்பத்துக்கென்றே ஓர் ஒட்டை வைத்திருக்கிறார்களா என்பது இரண்டாம் பகுதி. முதலாவதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிக்கும்போது இரண்டாவதற்கு ‘இல்லை’ என்பதே விடை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கிரீன்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 56,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பேசும் மொழியைக் கலால்லிஸுத் என்கிறார்கள். 2009 ஜூன் 21 அன்று தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது நாட்டின் ஒரே ஆட்சிமொழியானது. கனடாவின் இனுக்டிடுட் மொழிக்கு இது நெருங்கிய உறவு. சொல்லாக்கத்தைப் பொறுத்தவரை இம்மொழியில் அடி, அதாவது சொல்லின் வேர்ப்பகுதி, முதலில் வரும். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து சேரும். முன்னொட்டு என்று சொல்லத்தக்கது சுட்டுச் சொற்களோடு மட்டும் சேரும் ஒன்றே ஒன்றுதான். பின்னொட்டுகளோ சில நூறு உண்டு. ‘பெரிய’, ‘சிறிய’, ‘தொடங்கு’, ‘விரும்பு’, ‘போலிருக்கிறது’, ‘இடம்’, ‘கருவி’ என்று நாம் தனிச்சொல்லால் சொல்பவற்றில் பாதி அங்கே ஒட்டாகத்தான் இருக்கிறது. அந்த ஒட்டுகள் தனித்து நிற்பதில்லை. ஏதாவது ஓர் அடியைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றன.

நீங்கள் கேட்கும் ஒட்டின் பெயர்ச்சொல் வடிவம் ‘-ர்லுக்’, வினை வடிவம் ‘-ர்லுப்பொக்’. அடியைப் பொறுத்து ‘-லுக்’, ‘-லுப்பொக்’ என்றும் வரும். வினையின் இறுதியிலுள்ள ‘-பொக்’ படர்க்கை ஒருமை விகுதி மட்டுமே. தன்மை ஒருமையில் அது ‘-புங’ ஆகிவிடும். இங்கே ங என்ற எழுத்தை ‘அங்ஙனம்’ என்ற சொல்லில் ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும். ‘ர்லு’ என்று நான் எழுதுவது உண்மையில் ஒரே நீண்ட ஒலி. லகரத்துக்கு நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், காற்றை மட்டும் இரு பக்கமும் சீறவிட்டால் கிட்டத்தட்ட அந்த ஒலி வரும். வேல்ஸ் மொழியிலும் இப்படி ஓர் ஒலி உண்டு. ரகரம் தனியாகக் கேட்காது, முன்னிருக்கும் உயிரின் நிறத்தைச் சற்று மாற்றிவிட்டு மறைந்துவிடும். சொல்லின் இறுதியில் வரும் ககர மெய் பெரும்பாலும் வாயின் பின்புறம், உள்நாக்கின் அருகே பிறப்பது. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை என்பதால் க் என்றே எழுதுகிறேன்.

இதன் அடிப்படைப் பொருள் ‘கெட்டது, சரியில்லாதது’ என்பதுதான். அது துன்பமாக மாறுவது சேர்கிற அடியால்.

உடல் உறுப்போடு சேரும்போது நிகழ்வதை முதலில் பார்க்கலாம். ‘நியகொக்’ என்றால் தலை. ‘நியகொர்லுப்புங’ என்றால் ‘எனக்குத் தலைவலி’. ‘நாக்’ என்பது வயிறு. ‘நார்லுப்புங’ என்பது ‘எனக்கு வயிற்றுவலி’. தமிழில் தலைதான் வலிக்கிறது. நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். கிரீன்லாந்து மொழியில் நானே எழுவாய். என் தலை சொல்லுக்குள் அடியாக அடங்கிவிட, அதன் கேட்டை ஒட்டு சொல்லிவிட, அதைத் தாங்குபவன் யார் என்பதை விகுதி சொல்லிவிடுகிறது. பெயராக வேண்டுமென்றால் ‘-னெக்’ என்ற தொழிற்பெயர் ஒட்டைச் சேர்த்து ‘நியகொர்லுன்னெக்’ என்பார்கள்; தலைவலி என்ற நோய்க்குறியின் வழக்கமான பெயர் அதுதான்.

அதற்கு மேலும் ஒட்டுகள் ஏறலாம். ‘நியகொர்லுலெர்ப்புங’ என்றால் தலைவலி தொடங்குகிறது என்று பொருள். ‘நியகொர்லுத்தர்ப்புங’ என்றால் எனக்கு அடிக்கடி தலைவலி வருவதுண்டு. ‘நியகொர்லுன்ஙிலங’ என்றால் தலைவலி இல்லை. ‘நியகொர்லுக்கம அங்ஙெர்லர்ப்புங’ என்ற இரண்டே சொற்கள் ‘தலைவலியாக இருந்ததால் வீட்டுக்குப் போனேன்’ என்ற முழு வாக்கியம். கிரீன்லாந்தில் பணிபுரியும் மருத்துவர்களில் பலர் டென்மார்க்கிலிருந்து வருபவர்கள், மொழிபெயர்ப்பாளர் துணையோடு நோயாளியிடம் பேசுபவர்கள். நோயாளியின் ஒற்றைச் சொல்லில் எந்த உறுப்பு, என்ன தொல்லை, யாருக்கு, தொடர்ந்து வருவதா இப்போதுதான் வந்ததா என்பது வரை அடங்கியிருப்பதால், அச்சொல்லின் நடுப்பகுதியைத் தவறவிடுகிற மொழிபெயர்ப்பாளர் பாதிச் செய்தியைத் தவறவிட்டவராகிறார். ஒரே அடியில் ஒட்டு மாறினால் நிலைமையே மாறிவிடும் என்பதற்கு வயிறு நல்ல சான்று: ‘நார்லுப்பொக்’ என்றால் அவளுக்கு வயிற்றுவலி, ‘பெரிதாக உடையது’ என்னும் ஒட்டுச் சேர்ந்து ‘நார்த்துவொக்’ என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள்.

இனி அதே ஒட்டை உடலிலிருந்து எடுத்து வானத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஸில’ என்பது வானிலை, வெளி, அறிவு ஆகிய மூன்றையும் குறிக்கும் பழைய சொல். ‘ஸிலர்லுக்’ என்றால் மோசமான வானிலை. ‘ஸிலர்லுப்பொக்’ என்றால் வானிலை கெட்டிருக்கிறது. ‘ஸிலர்லொகாக்’ என்றால் மிகவும் கெட்டிருக்கிறது. இங்கே யாரும் வலியால் துடிக்கவில்லை. இதன் எதிர்ச்சொல் ‘ஸிலகிப்பொக்’: வானிலை நன்றாக இருக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது ‘நன்றாக உடையது, கெட்டதாக உடையது’ என்ற எதிரிணை. தலையைக் கெட்டதாக உடையவருக்குத் தலைவலி. வானிலையைக் கெட்டதாக உடைய நாள் புயல் நாள். கடலையும் பனியையும் நம்பிப் பயணம் செய்கிறவருக்கு இரண்டாவதுதான் பெரிய தொல்லையாக இருக்கக்கூடும். ஆனால் இலக்கணத்துக்கு இரண்டும் ஒன்றே.

மனத்துக்கு வந்தால் இந்த ஒட்டு இன்னும் சுவையாகிறது. ‘இஸும’ என்றால் எண்ணம். ‘இஸுமலுப்பொக்’ என்றால் அவர் கவலையில் இருக்கிறார், நடப்பது எதுவும் நன்மையில் முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ‘இஸுமல்லுவர்ப்பொக்’ என்றால் அவர் நம்பிக்கையோடு இருக்கிறார். பின்னதில் இருப்பது ‘நன்றாக’ என்னும் பொருள்தரும் ‘-ல்லுவர்’ என்ற வேறோர் ஒட்டு. ‘ஸினில்லுவரித்’, அதாவது ‘நன்றாகத் தூங்கு’ என்று இரவில் சொல்லி விடைபெறும்போதும், ‘திகில்லுவரித்’ என்று வந்தவரை வரவேற்கும்போதும் வருவது அதே ஒட்டுதான். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த இரண்டும் தீராத குழப்பம். கெட்டதைக் குறிக்கும் ‘ர்லு’, நல்லதைக் குறிக்கும் ‘ல்லு’ இரண்டிலும் அதே சீறும் லகரம்தான் ஒலிக்கிறது. பின்னால் ‘அர்’ வருகிறதா என்பதைக் காது பிடிக்காவிட்டால் நல்லதும் கெட்டதும் இடம் மாறிவிடும்.

செயலோடு சேரும்போது அது நீண்டு ‘-னெர்லுக்’ ஆகிறது. தவறாகச் செய்தல் என்பது பொருள். ‘பி’ என்பது ‘செய், பொருள், ஏதோ ஒன்று’ என்ற அளவில் மட்டும் பொருளுள்ள, மிகப் பொதுவான அடி. அதிலிருந்து ‘பினெர்லுப்பொக்’ என்றால் குற்றம் செய்கிறார். ‘பினெர்லுத்தொக்’ என்றால் குற்றவாளி. கிரீன்லாந்தின் குற்றவியல் சட்டத்தின் பெயரும் இந்தச் சொல்லிலிருந்துதான் பிறந்தது. ‘அத்தொர்’ என்னும் ‘பயன்படுத்து’ அடியிலிருந்து ‘அத்தொர்னெர்லுயினெக்’ வருகிறது: தவறான பயன்பாடு. போதைப்பழக்கத்தைப் பற்றியும் பிறரிடம் முறைகேடாக நடந்துகொள்வதைப் பற்றியும் இன்று நலத்துறை ஆவணங்கள் பேசும்போது கையாளும் சொல் அது. தலைவலியில் தொடங்கிய ஒட்டு சட்டப் புத்தகம் வரை வந்துவிட்டது. இடையில் அதன் பொருள் மாறவே இல்லை.

தமிழ் வாசகருக்கு இது புரியாத இயக்கமன்று. வேதனைப்படு, கஷ்டப்படு, அவதிப்படு, வருத்தப்படு என்ற வரிசையை மட்டும் ஒரு வெளிநாட்டவரிடம் காட்டினால், ‘படு’ என்பது தமிழரின் துன்ப விகுதி என்று அவர் குறிப்பெடுத்துக்கொள்வார். சந்தோஷப்படு, ஆசைப்படு, பெருமைப்படு என்பவற்றைக் கண்டதும் அந்தக் குறிப்பை அடித்துவிட வேண்டியிருக்கும். ‘படு’ சொல்வது ஒன்றுக்கு உள்ளாவதை மட்டும். எதற்கு என்பதை முன்னிருக்கும் சொல் தீர்மானிக்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு. நமது ‘படு’ தனிவினையாகவும் வாழ்கிறது. கிரீன்லாந்து ஒட்டை அடியிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒரு வாக்கியத்தில் வைக்க முடியாது.

ஒட்டை அடையாளம் காண்பதில் இரண்டு பொறிகள் உள்ளன. ‘ஒகக்’ என்றால் நாக்கு. ‘ஒகலுப்பொக்’ என்ற சொல்லைப் பார்த்ததும், இதுவரை சொன்னதை வைத்து, ‘அவருக்கு நாக்கில் வலி’ என்று பிரித்துவிடத் தோன்றும். அதன் பொருளோ ‘அவர் பேசுகிறார்’. அதிலிருந்து வந்த ‘ஒகலுஃபிக்’, பேசும் இடம், தேவாலயத்தைக் குறிக்கிறது. ககரத்தில் முடியும் ‘நியகொக்’, ‘நாக்’ போன்ற அடிகள் இந்த ஒட்டை ஏற்கும்போது ரகரத்தைக் காட்டின. ‘ஒகலுப்பொக்’கில் ரகரம் இல்லை என்பதே எச்சரிக்கை. மற்றொன்று ‘கங்ஙெர்லுக்’, அதாவது மலைகளுக்கிடையே உள்ளே நீண்டு புகும் கடற்கழி. முடிவு ஒட்டைப் போலவே இருந்தாலும், அதைச் சொல்லும் எவர் காதிலும் ‘கெட்டது’ என்ற பொருள் ஒலிப்பதில்லை. விமான நிலையத்தால் பெயர்பெற்ற கங்ஙெர்லுஸ்ஸுவக் என்பதன் பொருள் ‘பெரிய கடற்கழி’ மட்டுமே. சொல்லின் வாலைப் பார்த்து மட்டும் பொருள் சொல்லக் கூடாது. அடி எது, அது எந்த மெய்யில் முடிகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

துன்பத்தைப் பேசுவதில் இதற்கு அடுத்தபடியாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒட்டு ‘-னர்’. என் மதிப்பில் நுட்பத்தில் இதுவே மேலானது. துன்பப்படுபவரையும் துன்பம் தருவதையும் அது பிரித்து வைக்கிறது. ‘எர்ஸிவொக்’ என்றால் அவர் அஞ்சுகிறார். ‘எர்ஸினர்ப்பொக்’ என்றால் அது அச்சம் தருவதாக இருக்கிறது. ‘கீயவொக்’ என்றால் அவருக்குக் குளிர்கிறது; ‘கீயனர்ப்பொக்’ என்றால் குளிரடிக்கிறது. ‘கீயனகாக்!’ என்று சொன்னால் ‘என்ன குளிர்!’ என்று பொருள். கிரீன்லாந்தில் சில நாள் தங்கியவருக்குக்கூட அது காதில் விழாமல் இருந்திருக்காது. ‘அன்னெர்னர்ப்பொக்’ என்பது ‘அது வலி தருகிறது’. ‘நல்லின்னர்ப்பொக்’ என்பது பார்ப்பவருக்கு இரக்கம் உண்டாகும்படி இருக்கிறது, பரிதாபத்துக்குரியது. இந்த வினைகளில் எழுவாய் மனிதர் அல்லர்; காற்றோ, காயமோ, நிலைமையோதான். ‘-ர்லுப்பொக்’ மனிதரை எழுவாயாக்கித் துன்பத்தை அவருக்குள் வைக்கிறது; ‘-னர்ப்பொக்’ துன்பத்தை வெளியே, அதை உண்டாக்குவதில் வைக்கிறது. யார் எப்படி உணர்ந்தார் என்று சொல்லாமலே ஒன்றை அஞ்சத்தக்கது, வருந்தத்தக்கது என்று சொல்லிவிட முடிவது இதனால்தான். நம்முடைய ‘-தக்க’ ஓரளவு இந்த வேலையைச் செய்கிறது, ஆனால் அது ஏட்டு வழக்கு. அவர்களுடையது வீட்டு வழக்கு.

இந்த ‘-னர்’ மீது எதிர்மறை ஏறும்போது எதிர்பாராத சொல் ஒன்று பிறக்கிறது. ‘அலியஸுப்பொக்’ என்றால் அவர் துக்கமாக இருக்கிறார். அதே ‘அலிய’ அடியோடு ‘-னர்’ சேர்ந்து, அதன் மேல் ‘இல்லாதது’ என்ற ஒட்டும் சேர்ந்தால் ‘அலியனாப்பொக்’. உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் ‘துக்கம் தருவது இல்லாதது’. பேச்சில் அதன் பொருள் ‘இனிமையாக இருக்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது’. கனடாவின் இக்காலூயித் நகரில் நடைபெறும் அலியனயித் கலைவிழாவின் பெயர் இதே சொல்லின் இனுக்டிடுட் வடிவம். அங்கே அது மகிழ்ச்சியில் எழும் கூவல். ‘அயொர்ப்பொக்’ என்றால் மோசம். அதை எதிர்மறையாக்கிய ‘அயுங்ஙிலக்’, அதாவது ‘மோசமில்லை’, நாள்தோறும் ‘நல்லது’, ‘சரி’, ‘நலம்’ என்ற இடங்களிலெல்லாம் வழங்குகிறது. இதைப் படித்ததும், பாருங்கள், அம்மக்களுக்கு மகிழ்ச்சியே துன்பமின்மைதான் என்று சிலர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். ‘பரவாயில்லை’ என்று நாள் முழுதும் சொல்லும் நாம் அப்படி ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடும் வாழ்க்கை ஒட்டுகளை உருவாக்கியது என்றால், வாழ்க்கையின் மிகக் கடுமையான துன்பங்கள் ஒட்டால் சொல்லப்பட வேண்டும். நடப்பது வேறு. பட்டினியால் வாடுவதற்கு ‘பெர்லெர்ப்பொக்’ என்று தனிவினை உண்டு. வலியால் துடிப்பதற்கு ‘அன்னியர்ப்பொக்’, நோயுறுவதற்கு ‘நப்பர்ப்பொக்’, அழுவதற்கு ‘கியவொக்’ என்று எல்லாமே பழைய அடிகள். ஒட்டு வந்து வேலை செய்வது பெரும்பாலும் தலைவலி, வயிற்றுவலி, கெட்ட வானிலை, மனக்கவலை போன்ற அன்றாடக் குறைகளைச் சொல்லத்தான். நோயைப் பற்றிய பெரிய சொற்களும் அடியிலிருந்து பிற ஒட்டுகளால் கட்டப்படுகின்றன: ‘நப்பர்’ என்ற அடியோடு ‘நிலைத்திருத்தல்’, ‘இடம்’ என்னும் இரண்டு ஒட்டுகள் சேர்ந்தால் ‘நப்பர்ஸிம்மவிக்’, மருத்துவமனை, தலைநகர் நூக்கிலுள்ள அரசி இங்ரிட் மருத்துவமனையின் பெயரில் ‘பெரிய’ என்ற ஒட்டும் உடைமை விகுதியும் கூடச் சேர்ந்திருக்கின்றன. மாத்திரைக்கு ‘ஈஸர்தகக்’ என்று பெயர். ‘வழக்கமாக விழுங்கப்படுவது’ என்பது அதன் பொருள். ஒட்டுகளைக் கொண்டு சொல்லாக்குவது அம்மொழியின் பொதுவழி. துன்பச் சொற்களும் அந்த வழியில் வந்தவைதான். அவற்றுக்கெனத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

உறவு மொழிகளைப் பார்த்தாலும் இதுவே உறுதிப்படுகிறது. கனடாவின் இனுக்டிடுட்டில் தலைவலியைச் சொல்ல ‘நியகுன்னுயுங’ என்கிறார்கள். அங்கே உறுப்பில் வலியைக் குறிப்பது ‘-ன்னு’ என்ற வேறோர் ஒட்டு (அதில் வரும் னகரம் இரட்டித்த ஙகரத்தின் ஒலி கொண்டது). ‘கெட்டது’ என்னும் நம் ஒட்டும் அங்கே இல்லாமல் இல்லை. ‘ஸிலலுக்’ என்று மழையையும் கெட்ட வானிலையையும் குறிக்கும் சொல்லில் அது இருக்கிறது. ஒரே வகையான குளிரிலும் இருளிலும் வாழும் இரு மக்கள் தலைவலிக்கு இரு வேறு ஒட்டுகளைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றால், குளிரிலிருந்து ஒட்டை வருவிக்கும் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

மேற்கொண்டு படிக்க விரும்பினால் எழுத்துமுறை பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது பயன்படும். இந்த ஒட்டுகளின் இயக்கத்தை முதன்முதலாக ஒழுங்குபடுத்தி விளக்கியவர்களுள் தலையாயவர் சாமுவேல் கிளைன்ஷ்மிட். 1814-இல் கிரீன்லாந்தின் தென்கோடியில் அல்லுயித்ஸொக் என்ற இடத்தில், மொரேவியர் என்னும் கிறித்தவ சபையின் மறைப்பணித் தளத்தில் பிறந்து, அங்கேயே அம்மொழியைக் குழந்தையாகக் கற்றவர். அவருடைய இலக்கணம் 1851-இல் பெர்லினில் வெளிவந்தது. அகராதி 1871-இல் வந்தது. லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் மொழியைத் திணிக்காமல், அடி, ஒட்டு, விகுதி என்ற அதன் சொந்த அமைப்பிலேயே விளக்கியது அந்நூலின் பெருமை. இன்றைய ஆய்வாளர்களும் அதை மதிக்கிறார்கள். அவர் வகுத்த எழுத்துமுறை 1973 சீர்திருத்தம் வரை நிலைத்தது. அதில் நான் இங்கே ‘ர்லு’ என்று எழுதிய இடம் ‘ர்ட்லு’ என்று, நடுவில் ஒரு டகரத்தோடு இருக்கும். ‘லுப்பொக்’ என்பது ‘லுக்பொக்’ என்று இருக்கும். பழைய நிலப்படங்களில் கங்ஙெர்லுஸ்ஸுவக் ‘கங்ஙெர்ட்லுக்ஸ்ஸுவக்’ என்று காணப்படுவதும் அதனால்தான். ஆகவே 1973-க்கு முந்தைய அகராதியில் தேடுபவர் டகரத்தைச் சேர்த்துத் தேட வேண்டும். அதற்குப் பிந்தைய நூல்களிலும், நூக்கிலுள்ள மொழிச் செயலகமான ஒகாஸிலெரிஃபிக் தரும் இணைய அகராதிகளிலும் இன்றைய வடிவத்தையே இட்டால் போதும். எந்த அகராதியாக இருந்தாலும் ‘தலைவலி’ என்ற பதிவைத் தலையின் அடியான ‘நியகொ’ என்பதன் கீழேயே எதிர்பாருங்கள்.